விண்கப்பலின் உணரிகளைக் கதையில் எழுதுவது எப்படி? ஒரு கடலோடியின் கையேடு

வணிகக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருக்கிறேன். நள்ளிரவு பன்னிரண்டு முதல் விடியற்காலை நான்கு வரை, கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் நிற்கும் முறை என்னுடையது. ரேடார் திரை, மற்றக் கப்பல்கள் தாமே ஒலிபரப்பும் அடையாளத்தைக் காட்டும் ஏஐஎஸ் திரை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் விளக்குகள் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, அங்கே இருப்பது என்ன, அது எந்தப் பக்கம் போகிறது என்று முடிவுசெய்வதே அந்த நான்கு மணி நேரத்தின் வேலை. ஓய்வில் அறிவியல் புனைகதை படிப்பேன். எழுதப் பழகும் இளைஞர்கள் சிலர் தங்கள் கதைகளை எனக்கு அனுப்புவதும் உண்டு. அவற்றில் ஒரு காட்சி தவறாமல் வரும். கேப்டன் "ஸ்கேன் செய்" என்பார். மறுநொடியே எதிரிக் கப்பலின் தொலைவு, வேகம், ஆயுதங்கள், உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை எல்லாம் திரையில் வந்து நிற்கும்.

இந்தக் காட்சியை மாற்றி எழுத வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். அதிலிருக்கும் அறிவியல் பிழையைவிட, அது பறித்துக்கொள்ளும் கதைதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. எந்த உணரியும் (சென்சாரும்) ஒரு சமயத்தில் ஒரு கேள்விக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொல்லும். திசையைச் சொல்வது தொலைவைச் சொல்லாது. தொலைவைச் சொல்வது பெயரைச் சொல்லாது. பதில்கள் வெவ்வேறு நேரத்தில் வந்துசேரும். எல்லாவற்றையும் ஒரே அளவு நம்பவும் முடியாது. மனிதர்கள் முடிவெடுப்பது அந்த இடைவெளியில்தான்.

பேசுவதற்கு வசதியாக ஒரு சூழலை வைத்துக்கொள்வோம். செரிஸ் குறுங்கோளை நோக்கிப் போகும் சரக்குக் கப்பல் ஒன்றில் உங்கள் நாயகி, என்னைப் போல் பிரிட்ஜில் முறை நிற்கும் அதிகாரி. 1.5 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. அந்தத் தொலைவு அவளுக்கு இன்னும் தெரியாது. உங்களுக்கு மட்டும் தெரியும்.

முதலில் வெப்பம்

விண்வெளியின் பின்னணி வெப்பநிலை 2.7 கெல்வின், அதாவது ஏறக்குறைய மைனஸ் 270 பாகை செல்சியஸ். மனிதர்கள் உயிர் வாழும் கப்பலின் வெளிச்சுவர் ஏறக்குறைய 290 கெல்வினில் (சுமார் 17 பாகை செல்சியஸ்) இருக்கும் என்று கொள்ளுங்கள். அப்படிப்பட்ட சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 400 வாட் ஆற்றலை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றி அது மிக வலுவாக இருக்கும். இதை நிறுத்த வழியில்லை. உள்ளே விளக்கு எரிந்தால், உலை ஓடினால், ஆட்கள் மூச்சுவிட்டால், அந்த வெப்பம் வெளியேறியே ஆக வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் விரிந்து நிற்கும் வெள்ளைப் பலகைகள் இதற்கானவை. நிலையத்தின் வெப்பத்தைச் சுமந்துகொண்டு அம்மோனியா அவற்றுக்குள் ஓடுகிறது. பலகைகள் அதை வெளியே கதிராக வீசுகின்றன.

ஆகவே உங்கள் கப்பலின் முதன்மை உணரி, குளிரூட்டப்பட்ட அகச்சிவப்புத் தொலைநோக்கியாக இருக்கட்டும். அது எதையும் அனுப்புவதில்லை. வருவதைப் பெற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். குளிரூட்டல் எதற்கு என்றால், கருவியே சூடாக இருந்தால் தன் ஒளியில் தானே குருடாகிவிடும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நடு அகச்சிவப்புக் கருவியை 7 கெல்வினுக்குக் கீழே வைத்திருப்பது இதனால்தான். கதைக்கு இது நல்ல செய்தி: குளிரூட்டி பழுதானால் அந்தக் கண் மெல்ல மெல்ல மங்கும். ஒரேயடியாக அணைவதைவிட அது எழுதுவதற்குச் சுவையானது.

எவ்வளவு தொலைவு வரை தெரியும்? அந்த அறியாத கப்பல் ஒரு மெகாவாட் வெப்பத்தை எல்லாத் திசைகளிலும் சமமாக வெளியிடுகிறது என்று வையுங்கள். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள 15 கோடி கிலோமீட்டரிலிருந்து பார்த்தால், ஒரு சதுர மீட்டர் கண்ணாடிக்கு வினாடிக்குச் சுமார் 180 ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், வந்துசேரும். நமது 1.5 கோடி கிலோமீட்டரில் அது நூறு மடங்கு, அதாவது ஏறக்குறைய 18,000. நல்ல உணரிக்கு இது போதும், சரியான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால். போட்டியும் உண்டு. சூரியனைச் சுற்றியுள்ள கோள்களிடைத் தூசியும் வெதுவெதுப்பாக, இதே அலைநீளங்களில் ஒளிர்கிறது.

"சரியான இடம்" என்பதைப் பல எழுத்தாளர்கள் விட்டுவிடுகிறார்கள். முழு வானம் 41,253 சதுரப் பாகை. நாசாவின் வைஸ் அகச்சிவப்புத் தொலைநோக்கிக்கு 40 சென்டிமீட்டர் கண்ணாடி. ஒரு படத்தில் அது பார்த்தது ஒரு சதுரப் பாகைக்கும் குறைவு. வானம் முழுவதையும் ஒருமுறை படமெடுக்க அதற்கு ஆறு மாதம் பிடித்தது. உங்கள் கப்பலில் அப்படிப்பட்ட கண்கள் பல இருக்கலாம், படங்களை வேகமாகவும் எடுக்கலாம். ஆனாலும் அகன்று பார்க்கும் கண் ஆழமாகப் பார்க்காது. ஆழமாகப் பார்க்கும் கண்ணுக்கு வானத்தின் ஒரு துளிதான் தெரியும். வானத்தைச் சுற்றிவரும் காவல் கண்களையும், சந்தேகப் புள்ளியை உற்றுப் பார்க்கும் ஒரு பெரிய கண்ணையும் தனித்தனியே எழுதுங்கள். அந்தப் பெரிய கண்ணுக்கு இருவர் ஒரே நேரத்தில் வேலை கொடுத்தால், கப்பலுக்குள் ஒரு சண்டை தானாகவே கிடைக்கும்.

தெரிவது ஒரு புள்ளி

இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த வெப்பப் புள்ளிக்கு வடிவம் கிடையாது. தொலைநோக்கியின் கூர்மைக்கு ஒரு கணக்கு உண்டு: அலைநீளத்தை 1.22 ஆல் பெருக்கிக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால், பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய கோணம் ரேடியன் என்ற கோண அலகில் கிடைக்கும். இரண்டு மீட்டர் கண்ணாடியால் சாதாரண ஒளியில் பார்த்தால், 1.5 கோடி கிலோமீட்டரில் ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டருக்குக் குறைவான எதுவும் வெறும் புள்ளிதான். அகச்சிவப்பில் நிலைமை இருபது மடங்கு மோசம். ஜன்னலையும் கதவையும், அதாவது ஒரு மீட்டர் அளவுள்ள விவரத்தைப் பார்க்க, அதே கண்ணாடியோடு சுமார் 3,000 கிலோமீட்டருக்குள் நெருங்க வேண்டும். கப்பலின் பெயரைச் சுவரில் படிக்க இன்னும் கிட்டே போக வேண்டும். உங்கள் நாயகி கதையின் பெரும்பகுதியில் ஒரு புள்ளியோடுதான் வாழ்வாள்.

அந்தப் புள்ளி அவளுக்குத் தருவது திசை மட்டும். பலவீனமான புள்ளி அருகிலுள்ள சிறிய பொருளாக இருக்கலாம். தொலைவிலுள்ள பெரிய கப்பலாகவும் இருக்கலாம். கடலில் இரவில் தெரியும் ஒற்றை வெள்ளை விளக்கு மீன்பிடிப் படகா, பத்து மைலுக்கு அப்பாலுள்ள டேங்கரா என்று கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. நாங்கள் அந்த விளக்கின் திசைகோணத்தைத் திரும்பத் திரும்ப அளப்போம். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் ஏழாவது விதி, நெருங்கிவரும் கப்பலின் திசைகோணம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்றால் மோதும் அபாயம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்கிறது. விண்வெளியிலும் வடிவியல் இதுதான். நட்சத்திரங்களின் பின்னணியில் நகராமல், ஆனால் மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே வரும் புள்ளியைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். அதற்கு எச்சரிக்கை மணி எதுவும் தேவைப்படாது.

தொலைவை அறிய இன்னொரு இடத்திலிருந்து பார்க்க வேண்டும். அவள் ஒரு சிறு ஆய்வுக் கலத்தைப் பக்கவாட்டில் ஏவுகிறாள். அது வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. 10,000 கிலோமீட்டர் விலக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு பாகையை 3,600 கூறுகளாக்கி, அதில் ஒரு கூறின் பத்தில் ஒரு பங்கு வரை இரு கண்களும் துல்லியமாக அளந்தால், நமது தொலைவைச் சுமார் 11,000 கிலோமீட்டர் பிழையோடு சொல்லிவிடலாம். 1.5 கோடியில் 11,000 நல்ல துல்லியம். அதைப் பெற மூன்று மணி நேரம் ஆயிற்று என்பதை மறக்காதீர்கள். அந்த மூன்று மணி நேரம் கேப்டன் என்ன செய்கிறார்? தொலைவு தெரியாமலே திசையை மாற்றுகிறாரா, காத்திருக்கிறாரா? உங்கள் அத்தியாயம் அங்கே இருக்கிறது.

ரேடாரை எப்போது தொடுவது

"ரேடார் இருக்கும்போது ஏன் மூன்று மணி நேரம்?" என்று கேட்பீர்கள். கடலில் ரேடார்தான் என் உயிர்நாடி. ஆனால் என் உலகம் சில பத்து மைல்களோடு முடிந்துவிடுகிறது. ரேடார் அலை போகும்போதும் விரிந்து பலவீனமாகிறது, எதிரொலியாகத் திரும்பும்போதும் அப்படியே. தொலைவு இரட்டித்தால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகும்.

இதற்கு மிகச் சிறந்த உண்மை நிகழ்ச்சி நம் சந்திரயான்-1. 2008 அக்டோபரில் ஏவப்பட்ட அந்தக் கலத்தோடு 2009 ஆகஸ்டில் தொடர்பு அறுந்தது. பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் அளவுள்ள சிறிய பெட்டி அது. நிலவின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் சீரற்றது என்பதால், அதன் பாதை ஆண்டுக்கணக்கில் எப்படி மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 2016 ஜூலையில் நாசாவின் ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் கோல்ட்ஸ்டோனிலுள்ள 70 மீட்டர் ஆண்டெனாவிலிருந்து நுண்ணலைக் கற்றையை நிலவின் வடதுருவத்துக்குச் சற்று மேலே செலுத்தினார்கள். எதிரொலியை மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கிலுள்ள 100 மீட்டர் ஆண்டெனா கேட்டது. சந்திரயான் துருவங்களைக் கடந்து சுற்றும் கலம். எங்கே இருந்தாலும் அந்த இடத்தைக் கடந்தே தீர வேண்டும். நான்கு மணி நேரத்தில் ஏதோ ஒன்று அந்தக் கற்றையை இருமுறை கடந்தது. சுற்றுக்காலம் பொருந்தியது. பழைய கணிப்பிலிருந்து ஏறக்குறைய அரைச் சுற்றுத் தள்ளியிருந்தது, அவ்வளவே. தேடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது: வானம் முழுவதும் துழாவாமல், அது கடந்தே ஆக வேண்டிய வாசலில் காத்திருந்தார்கள்.

இப்போது அந்த 3.8 லட்சம் கிலோமீட்டரை நம் கதைக்கு நீட்டுங்கள். எதிரொலிப் பரப்பு நூறு மடங்கு பெரிதான கப்பலாக இருந்தாலும், அதே கருவிகளுக்கு அதே வலிமையில் அது தெரியக்கூடிய தொலைவு மூன்று மடங்குக்குச் சற்றே மேல்தான், சுமார் 12 லட்சம் கிலோமீட்டர். இத்தனைக்கும் அவை ஒரு கட்டடத்தைவிடப் பெரிய ஆண்டெனாக்கள்.

இன்னொரு விலையும் உண்டு. உங்கள் அலை எதிரியை அடைய ஒருவழிப் பயணம் போதும். உங்களுக்குத் திரும்பி வர இருவழி தேவை. ஆகவே உங்கள் ரேடார் அவரைக் காணும் தொலைவுக்கு வெகு முன்பே அவர் உங்கள் ரேடாரைக் கேட்டுவிடுவார். நீர்மூழ்கிகளில் இருப்பவர்கள் ஒலியலையை அனுப்பத் தயங்குவது இதனால்தான். விண்கப்பலில் ரேடாரை இயக்குவது ஓர் அறிவிப்பு. கேப்டன் அந்த உத்தரவைக் கொடுக்கும் வரியை, ஆயுதத்தை எடுக்கும் வரிக்கு நிகரான கனத்தோடு எழுதுங்கள்.

50 வினாடிக்கு முந்தைய கப்பல்

1.5 கோடி கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு 50 வினாடி வேண்டும். அவள் பார்ப்பது எப்போதும் 50 வினாடிக்கு முந்தைய கப்பல். அவள் பேசினால் பதில் வர 100 வினாடியும், எதிராளி யோசிக்கும் நேரமும் ஆகும். இது உணரியின் குறையில்லை என்பதால், எந்தப் பொறியாளராலும் சரிசெய்ய முடியாது. அந்தக் கப்பல் எஞ்சினைப் பற்றவைத்ததைக் கண்டு அவள் எஞ்சினைப் பற்றவைத்தால், அதை அவர்கள் அறிவதற்குள் அவர்கள் பற்றவைத்து 100 வினாடி ஆகியிருக்கும். உரையாடலை எழுதும்போது ஒரு தாளில் இரண்டு கடிகாரங்கள் வரைந்துகொள்ளுங்கள். பல நல்ல கதைகள் இந்த ஓரிடத்தில் மட்டும் கால் இடறுகின்றன.

புள்ளியிலிருந்து கப்பலுக்கு

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வடிவமில்லாத ஒரு புள்ளியிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்?

2020 செப்டம்பரில் ஹவாயிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி ஒரு சிறு பொருளைக் கண்டது. சூரியனைச் சுற்றும் சிறுகோள் என்று எண்ணி 2020 எஸ்ஓ என்று பெயரிட்டார்கள். ஆனால் சூரிய ஒளியின் அழுத்தம் அதை அளவுக்கு மீறித் தள்ளியது. பாறை அப்படி நகராது. உள்ளீடற்ற, எடை குறைந்த பொருள்தான் நகரும். பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது அது 1966 செப்டம்பருக்கு, சர்வேயர்-2 நிலவுக் கலம் சென்டார் ராக்கெட் பகுதியோடு ஏவப்பட்ட நாட்களுக்கு, இட்டுச்சென்றது. பிறகு விஷ்ணு ரெட்டி தலைமையிலான அரிசோனா பல்கலைக்கழகக் குழு அதன் நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவை) எடுத்து, பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் இன்னொரு பழைய சென்டார் ராக்கெட் பகுதியின் நிறமாலையோடு ஒப்பிட்டது. பொருந்தியது. அது சர்வேயர்-2ஐ ஏவிய சென்டார் பகுதிதான். எவரும் அதன் வடிவத்தைப் பார்க்கவில்லை. நகரும் விதத்தாலும் நிறத்தாலும் அடையாளம் கண்டார்கள்.

உங்கள் நாயகிக்கும் இதே கருவிகளைக் கொடுங்கள். வெப்ப நிறமாலையின் உச்சம் எங்கே இருக்கிறது என்பது சுவரின் வெப்பநிலையைச் சொல்லும்; 290 கெல்வின் என்றால் உள்ளே ஆட்கள் இருக்கலாம். பிரகாசம் சீரான கால இடைவெளியில் ஏறி இறங்கினால் கப்பல் உருண்டுகொண்டிருக்கிறது. கட்டுப்பாட்டிலுள்ள கப்பல் அப்படி உருள வேண்டியதில்லை. எஞ்சின் எரிந்தால் பொக்கிஷம் கிடைத்தது போலத்தான்: புகையின் நிறமாலைக் கோடுகள் எரிபொருளைச் சொல்லும், கோடுகள் இடம்பெயர்ந்திருக்கும் அளவு புகையின் வேகத்தைச் சொல்லும், வேகமும் ஆற்றலும் தெரிந்தால் உந்துவிசை கிடைக்கும், கப்பல் எவ்வளவு முடுக்கம் பெறுகிறது என்று பாதையிலிருந்து அளந்து, உந்துவிசையை அதனால் வகுத்தால் எடை வந்துவிடும். காலிக் கப்பல் என்று சொல்லிக்கொண்டு வருபவர் இங்கே மாட்டிக்கொள்வார். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் நீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்தே அதன் பாரத்தைக் கணிக்கும் எனக்கு, இந்தக் கணக்கு மிகவும் நெருக்கமானது.

"உயிர் அறிகுறிகள்" வேண்டும் என்றால் கோள்களுக்கு மட்டும் எழுதுங்கள். 1990 டிசம்பரில் வியாழனுக்குப் போகும் வழியில் பூமியைக் கடந்த கலிலியோ கலம், நம் கோளையே அறியாத கோளாகப் பாவித்துப் பார்த்தது. கார்ல் சேகன் குழு 1993இல் முடிவுகளை வெளியிட்டது: ஏராளமான ஆக்சிஜன், அதோடு சேர்ந்து நீடிக்கக்கூடாத மீத்தேன், சிவப்பு ஒளியை விழுங்கும் ஏதோ ஒரு நிறமி, இயற்கையாகத் தோன்றாத வானொலி அலைகள். உயிர் இருப்பதாக அப்படித்தான் தெரியும், பல ஆதாரங்களைச் சேர்த்து. உலோகச் சுவருக்குப் பின்னால் எத்தனை இதயங்கள் துடிக்கின்றன என்று தொலைவிலிருந்து எதுவும் சொல்லாது.

கப்பலின் ஈர்ப்பை உணரும் கருவியையும் விட்டுவிடுங்கள். பத்து லட்சம் டன் கப்பல்கூட ஒரு கிலோமீட்டர் அருகில் ஏற்படுத்தும் ஈர்ப்பு, பூமியின் ஈர்ப்பில் பத்துக் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. அணு உலையை, அது வெளியிடும், எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோவால் கண்டுபிடிப்பதும் அப்படியே. ஜப்பானின் காம்லாண்ட் கருவி ஆயிரம் டன் திரவத்தை வைத்துக்கொண்டு, நாட்டின் பெரிய மின் உலைகள் பலவற்றிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு நியூட்ரினோவைக்கூடப் பிடிக்கவில்லை.

ஒளிந்துகொள்பவர்

வெப்பத்தை மறைக்க முடியாது என்றேன், திசைமாற்ற முடியும். ஜேம்ஸ் வெப்பின் ஐந்தடுக்குத் திரைக்கு ஒரு பக்கம் 80 பாகை செல்சியஸுக்கு மேல், மறுபக்கம் மைனஸ் 220க்கும் கீழே. உங்கள் வில்லன் குளிர்ந்த பக்கத்தை நாயகிக்குக் காட்டி, வெப்பத்தை எதிர்ப்புறம் வீசலாம். ஆனால் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஏவிய சிறு கலம் பக்கவாட்டில் போய்விட்டால் வேடம் கலையும். வெப்பத்தை உள்ளேயே சேர்த்துவைக்கவும் முடியும். ஒரு மெகாவாட்டை ஒரு நாள் முழுவதும் பனிக்கட்டியை உருக்கிச் செலவிட, சுமார் 260 டன் பனி தேவை. பனி தீரும்போது ஒளிவும் தீரும். வில்லனுக்கு ஒரு கெடு கிடைத்துவிட்டது.

சூரியனுக்கு முன்னால் ஒளிவது பழைய தந்திரம், இன்றும் பலிக்கிறது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்த, சுமார் 20 மீட்டர் அளவுள்ள விண்கல்லை முன்கூட்டியே எவரும் பார்க்கவில்லை. அது சூரியன் இருந்த பக்கத்திலிருந்து வந்தது.

மேசையில் இருக்கும் மனிதர்

கருவியைவிட அதை இயக்குபவரை நன்றாக எழுதுங்கள். என் ரேடாரில் கெயின் என்றொரு குமிழ் இருக்கிறது. குறைத்தால் சிறு படகுகள் மறைந்துவிடும். கூட்டினால் அலையும் மழையும் திரையை நிரப்பிவிடும். சரியான இடம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் இரவும் அன்றைய கடலுக்கேற்ப முடிவுசெய்ய வேண்டும். உங்கள் நாயகியின் கணினியும் எங்கோ ஒரு கோடு கிழித்து, அதற்கு மேலிருப்பதை மட்டுமே காட்டும். அந்தக் கோட்டைக் கீழே இறக்க அவள் துணிகிறாளா? சூரியப் புயலில் அது இன்னும் கடினம். 2000 ஜூலை 14 அன்று சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ கலத்தின் படங்களில், சூரியன் வீசிய புரோட்டான் துகள்கள் மோதி வெண்புள்ளிகள் பனி போலக் கொட்டின. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு புள்ளியைப் புள்ளி என்று நம்புவது பெரிய முடிவு.

அடையாள ஒலிபரப்பியையும் மறக்காதீர்கள். 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள, நாடு விட்டு நாடு போகும் எங்கள் கப்பல்களில் ஏஐஎஸ் கட்டாயம். பெயர், நிலை, வேகம் எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். ஆனால் அது கப்பல் தன்னைப் பற்றித் தானே சொல்லும் தகவல். அணைக்கலாம், பொய்யும் சொல்லலாம். அறிவிப்பும் வெப்பப் புள்ளியும் ஒத்துப்போகாத நேரம் உங்கள் கதையின் நல்ல நேரம்.

முன்பு சொன்ன ஏழாவது விதியில் இன்னொரு வரியும் உண்டு: போதாத தகவலை, குறிப்பாகப் போதாத ரேடார் தகவலை, வைத்து ஊகம் செய்யக் கூடாது. எனவே அவள் பேசும் வரிகளில் எது அளந்தது, எது கணித்தது என்பது தனித்தனியாக ஒலிக்கட்டும். இப்படி:

"கேப்டன், புதிய வெப்பப் புள்ளி. திசை மட்டும் இருக்கிறது. 20 நிமிடமாக நட்சத்திரங்களுக்கு எதிரே நகரவில்லை."

"தொலைவு?"

"கலத்தை ஏவ அனுமதி கொடுத்தால் மூன்று மணி நேரத்தில் சொல்கிறேன். ரேடார் போட்டால் நாம் இருப்பது தெரிந்துவிடும். எதிரொலி வருமென்பதற்கும் உறுதியில்லை."

"ஆட்கள் இருக்கிறார்களா?"

"சுவர் 288 கெல்வின். அதற்குமேல் என்னால் சொல்ல முடியாது."

காட்சியை எழுதத் தொடங்குமுன் தொலைவு, ஒளி வரும் நேரம், யாருடைய ரேடார் அணைந்திருக்கிறது, சூரியன் யார் முதுகில் இருக்கிறது ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். இரு கப்பல்களும் நகர நகர அந்தத் தாளைத் திருத்திக்கொண்டே எழுதுங்கள்.